ஆணித்துளைகள்

அறுபத்து நான்கு ஜிகாபைட்டுக்குப்
பட்டா எழுதிக் கொடுத்தேன்
ஒரே வரியில்.
கையிருப்பு பதினாறு.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள்.
இங்கே இல்லாமலே வரும்.
கேட்கும்வரை எந்தப் பக்கமும் பிறப்பதில்லை.
தொட்ட கணத்தில்
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் அகலத்தில்
வெள்ளையாய் ஒன்று முளைக்கும்.
தொடாத நிலம் வரைபடத்தில் மட்டும்.

மூன்றாவது ஜிகாபைட் முடிந்ததும் ஒரு புறம்போக்கு:
அங்கே நினைவகம் இல்லை,
கடிகாரமும் திரையும் வலையட்டையும்
கதவிலக்கம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன.
எழுதினால் எழுதியது தங்காது,
எங்கோ ஒரு மணி அடிக்கும்.
அதைத் தாண்டினால் மீண்டும் பட்டா நிலம்.

காலத்தையும் நான்தான் அளந்து கொடுத்தேன்.
ஒரு சொல்லை எடுத்துவர நாற்பத்தாறு நானோநொடி;
அந்தப் பொய் நொடிகளைக் கழிக்க
என் மேசைக் கணினி மெய்யாகவே மூச்சிரைத்தது.
உள்ளே ஓர் இயங்குதளம் கண்விழிக்க
அதன் கணக்கில் நான்கு நொடி,
என் கணக்கில்
வெள்ளி மதியம் முதல் திங்கள் காலை வரை.
இடையில் க்ரெனோபிளில் பனி கொட்டி,
டிராம் நிறுத்தத்தில் உப்புத் தூவி,
ஜன்னலுக்கு எதிரே நிற்கும் மலை
ஞாயிறு முழுக்கக் காணாமல் போய் வந்திருந்தது.

திங்கள்: ஒரு பிழையும் இல்லை.
பெருமையாய் மடல் அனுப்பினேன்.

மார்ச்சில் நிஜச் சில்லு வந்தது.
ஒதில் அதைப் பலகையில் பொருத்தி மின்சாரம் கொடுத்தாள்.
அதே நிரல். அதே முகவரிகள்.
மூன்றாவது மில்லிநொடியில் செத்தது.
மறுபடி கொடுத்தாள், வேறிடத்தில் செத்தது.
ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்ல
அவளுக்குத் தமிழ் தெரியாது,
புருவத்தாலேயே சொல்லிவிட்டாள்.

ஒன்பது நாள் துருவினேன்.
காலம் செலவாகாமல் எட்டிப் பார்க்க
ஒரு பின்கதவு வைத்திருந்தேன்.
எத்தனை முறை பார்த்தாலும்
எல்லாம் சரி, எல்லாம் சுத்தம்.

பத்தாம் நாள் வீடு மாறினேன்,
இஸேர் ஆற்றோரம், மூன்றாம் மாடி.
சாவி தருமுன் மதாம் பெரூஸ்
நான்கு பக்கப் படிவம் நீட்டினார்:
உள்ளே வரும்போது வீடு எப்படி இருந்தது,
அறை அறையாக எழுத வேண்டும்.
காலி என்று எழுதிக் கையெழுத்திடப் போனேன்.
பேனாவைப் பிடுங்காத குறை.
காலி வேறு, ஒன்றுமே இல்லாதது வேறு என்றார்,
கைப்பேசி விளக்கைச் சுவரோரம் சாய்த்து.

வெளிச்சம் படுத்தபடி விழுந்ததும்
ஆணித்துளைகள்.
சமையல் மேடையில் வாணலி சுட்ட வட்டம்.
குளியலறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிப் பிய்த்த
மீனின் வால் மட்டும்.

எட்டாவது துளையை எழுதும்போது கை நின்றது.

என் பக்கங்கள் அத்தனையும் சுழியமாகப் பிறக்கின்றன!
மதிப்பு தர மறந்த ஒரு மாறி
என் சுழியத்தை யாரோ தந்த மதிப்பென்று நம்பி
ஒழுங்காய் நடந்து போயிருக்கிறது.
நிஜ நினைவகம் அப்படி விழிப்பதில்லை.
ஒவ்வோர் அறையும் தன் பிறவிச் சாய்வில்
ஒன்றோ சுழியமோ பிடித்துக்கொண்டு எழும்.
மின்சாரம் போன பிறகும்
சற்று நேரம் பழசை விடாது,
குளிரில் இன்னும் கொஞ்சம்.

பெட்டிகளைப் பிரிக்காமலே அலுவலகம் ஓடினேன்.
ஆறு வரி. இனிமேல்
தொட்டால் பிறக்கும் பக்கம்
குப்பையோடுதான் பிறக்கும்.
ஓட்டினேன்.
அதன் கணக்கில் மூன்று மில்லிநொடி,
என் கணக்கில் மூன்று நிமிடம்:
செத்தது.
எந்தச் சாவுக்கும் நான் அப்படிக் கைதட்டியதில்லை.

ஒதிலுக்கு நிறைவில்லை.
மறுபடி, என்றாள்.
அதே இடத்தில் செத்தது.
மறுபடி.
அதே இடம்.
விதை எண் கொடுத்திருக்கிறேன் என்றேன்,
பிழையைத் துரத்த
குப்பை தினமும் ஒரே குப்பையாக இருக்க வேண்டும்.
அவள் தன் பலகையைப் பார்த்தாள்,
இருமுறை ஒரேபோல் சாகாத பலகை.
இதுவும் நீ துடைத்து வைத்த குப்பைதான், என்றாள்.

மறுப்பதற்கில்லை.
விதை எண்ணை மாற்றிவிட்டு விளக்கணைத்தேன்.

இரவு, புது வீட்டில்,
கடிகாரம் மாட்ட
பழைய துளை ஒன்றே போதுமாயிருந்தது.